பாட்டுக்கு அடியில் அம்மா

எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். அதற்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் பதிவாகும். ஒன்று செத்தாலும் மற்றது கைகொடுக்கும். அது போதாதென்று இன்னொரு நகல் எடுத்து என் ஆபீஸ் டிராயரில் பூட்டி வைத்திருக்கிறேன். ஏன் இத்தனை முன்ஜாக்கிரதை என்று எங்கள் சிட்லபாக்கத்துக்காரர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு மழைக்காலத்தில் ஏரி எங்கள் ஹாலுக்குள்ளேயே வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனது. போட்டோ ஆல்பங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி ஆகிவிட்டன. அந்த வயிற்றெரிச்சலில் ஆரம்பித்ததுதான் இந்த வேலை.

மிச்சமிருந்த போட்டோக்களை ஸ்கேன் பண்ணினேன். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாண சிடிக்களை வாங்கி ஏற்றினேன். சினிமா, பாட்டு, தம்பியின் காலேஜ் வீடியோ எல்லாம் உள்ளே போனது. வீட்டில் யார் வேண்டுமானாலும் டிவியை ஆன் பண்ணி, படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஓட்டலாம். ஆனால் பெயர் வைக்கிற விஷயத்தில் நான் கொடுமைக்காரி. எந்த வருஷம், என்ன விசேஷம், யார் வீடு, இந்த மூன்றும் இல்லாமல் ஒரு ஃபைலும் உள்ளே நுழைய முடியாது. தம்பி ஒருமுறை "புதுசு", "புதுசு இன்னொண்ணு" என்று இரண்டு ஃபோல்டர் போட்டுவிட்டான். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தாராம். என் தொண்டை அப்படி. அதை நான் மறைக்கவில்லை.

நானும் அப்பாவும் கீழ்வீட்டில் இருக்கிறோம். தம்பியும் அவன் மனைவியும் மாடியில். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது காரணம் கேட்டால் அவர்களிடமே திருப்பி, நீங்கள் ஏன் செய்துகொண்டீர்கள் என்று கேட்டுவிடுவேன். அதோடு சரி.

அப்பாவுக்கு இந்தப் பெட்டியில் துளி ஆர்வம் கிடையாது. ரிடையர் ஆனதிலிருந்து பேப்பர், காபி, ஏரிக்கரையில் நடை, அவ்வளவுதான். பேச்சு மிகவும் கம்மி. டிவியைக்கூடச் சத்தம் இல்லாமல் எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் நான் ஆபீஸ் போனில் யாரையாவது காய்ச்சி எடுக்கும்போது "மெதுவாப் பேசும்மா" என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை. தன் அறைக் கதவைச் சாத்தியதும் இல்லை. நான் வேலையாக வெளியூர் போனால் தினமும் போன் வரும். பண்ணிவிட்டுப் பேச மாட்டார். "சும்மாதான் பண்ணேன், நீ சொல்லு" என்பார். நான் என்னத்தைச் சொல்ல? ஹோட்டல் இட்லி கல்லாக இருந்தது, ஆட்டோக்காரன் சுற்றிவிட்டான் என்று நானே அளந்துகொண்டிருப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து "ம்" மட்டும் வரும். "பேசறதுக்கு ஒண்ணுமில்லேன்னா எதுக்குப்பா போன் பண்றீங்க?" என்று எரிந்து விழுந்திருக்கிறேன். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி அடிப்பார்.

தம்பி மனைவிக்கு வளைகாப்பு நாள் குறித்த அன்று சாயங்காலம் அவன் கீழே இறங்கி வந்து டிவி முன்னால் சும்மா நின்றான். ஏதோ கேட்கப் போகிறான் என்று தெரிந்தது.

"அக்கா, அம்மாவோட வளைகாப்பு கேசட் ஒண்ணு இருக்குல்ல. அதை இதுல ஏத்த முடியுமா?"

இந்தக் கேசட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவன் வயிற்றில் இருந்தபோது, பல வருஷம் கழித்து வந்த குழந்தை என்பதால் இரண்டாவது என்றும் பார்க்காமல், அம்மாவுக்கு இதே வீட்டு மொட்டைமாடியில் பந்தல் போட்டு வளைகாப்பு நடந்தது. தாம்பரத்திலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் வந்து வீடியோ எடுத்தார். அந்தக் காலத்தில் வீடியோக்காரர்கள் கேசட்டைக் கையில் கொடுப்பதற்குள் குழந்தை பிறந்து குப்புற விழுந்துவிடும். எங்கள் வீட்டில் அது நிஜமாகவே நடந்தது, ஆனால் வேறு மாதிரி. தம்பி தொட்டிலில் இருக்கும்போதே, ஏதோ காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்துத்தான் கேசட் வந்தது. அப்பா அதை வாங்கினார், பீரோவின் மேல்தட்டில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தார், பூட்டினார். போட்டுப் பார்க்க எங்கள் வீட்டில் விசிஆர் கிடையாது. வேண்டுமானால் வாடகைக்கு எடுக்கலாம். யாருக்கு மனசு வரும்? ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.

அதனால் தம்பிக்கு அம்மா என்றால் மாலை போட்ட ஒரு போட்டோ, அவ்வளவுதான். சின்ன வயதில் சாப்பிடும்போது திடீரென்று கேட்பான். "அம்மா எப்படிப் பேசுவாங்க?" நான் "நல்லாத்தான் பேசுவாங்க, நீ சாப்பிடு" என்பேன். அம்மா போகும்போது எனக்கு எட்டு வயது. எனக்கு அந்தக் குரல் நன்றாக ஞாபகம் இருந்தது. மெல்லிய, இதமான, கொஞ்சம் இழுத்துப் பேசுகிற குரல். சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணியிருப்பேன். அவனுக்குத்தான் ஒன்றுமே இல்லை. இப்போது அப்பாவாகப் போகிறவன் அதே கேள்வியைத்தான் வேறு வார்த்தையில் கேட்கிறான் என்று புரிந்தது.

"வளைகாப்புக்கு முன்னாடி ஒருதடவை அவங்க பேசிக் கேட்டுடணும்க்கா" என்றான்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்காத பொருள் கிடையாது. கோழிக்குஞ்சு விற்கிற இடத்தைத் தாண்டிப் போனால் பழைய எலக்ட்ரானிக் சாமான்களைத் தார்ப்பாயில் கொட்டி வைத்திருப்பார்கள். அங்கே ஒரு விசிஆரைப் பிடித்தேன். ரப்பர் பெல்ட் இளகிப்போயிருந்தது, மாற்றினேன். டேப்பைப் படிக்கிற ஹெட்டைத் துடைத்தேன். அப்பாவிடம் பீரோ சாவி கேட்டபோது அவர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டு வாக்கிங் கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா வாக்கிங் போயிருந்த நேரத்தில், தம்பி, அவன் மனைவி, நான் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை மாட்டி, ஒருபக்கம் டிவியில் ஓட, இன்னொரு பக்கம் என் லேப்டாப்பில் பதிவாகிற மாதிரி செய்திருந்தேன். கேசட்டை உள்ளே தள்ளினேன். திரையில் இதயம் வடிவத்தில் ஒரு ஓட்டை திறந்தது. அதற்குள் தாமரை மலர்ந்தது. தாமரைக்குள்ளிருந்து அம்மா வந்தார்.

பச்சைப் பட்டுப்புடவை. முழங்கை வரை வளையல். சிரிக்கிறார், திரும்புகிறார், யாரையோ கூப்பிடுகிறார், ஏதோ சொல்கிறார். நன்றாக வாய் அசைகிறது. கேட்டதெல்லாம் ஒரு சினிமாப் பாட்டு.

முதலில் அது ஆரம்பத்துக்கு மட்டும் போட்ட பாட்டு என்று நினைத்தேன். அது முடிந்ததும் இன்னொன்று ஆரம்பித்தது. பிறகு இன்னொன்று. எல்லாம் தாயின் பெருமையைப் பாடுகிற பாட்டுகள். அம்மாவுக்குச் சந்தனம் பூசுகிறார்கள், பாட்டு. வளையல் அடுக்குகிறார்கள், பாட்டு. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கைதட்டி ஏதோ பாடுகிறார்கள், அதற்கும் மேலே சினிமாப் பாட்டு. ஃபார்வர்டு செய்து செய்து பார்க்கிறேன், ஒரு இடம், ஒரே ஒரு இடம் விடவேண்டுமே. ஸ்டூடியோக்காரர் அம்மாவின் சத்தத்தை மொத்தமாகத் துடைத்துவிட்டு, தாய்ப்பாசப் பாட்டுகளை அதன்மேல் பூசியிருந்தார்.

"பாட்டு மட்டும்தானாக்கா?" என்றான் தம்பி.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொல்கிறார் என்று உதட்டை வைத்துப் படிக்கப் பார்க்கிறான் என்று தெரிந்ததும் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. பிறகு அவன் எழுந்து, "பரவால்லக்கா, மூஞ்சியாவது பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டு மனைவியோடு மாடிக்குப் போனான். அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

விசிஆரை ஓடவிட்டுவிட்டு சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்கள் மேல் கோபத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஹாலில் ஒரு ஆண் குரல் கேட்டது. "மோர்க்குழம்பு இந்தப் பக்கம் வரவேயில்ல பாரு." அப்பா இன்னும் வரவில்லை, கீழ்வீட்டில் வேறு ஆம்பிளையும் இல்லை. கையில் கரண்டியோடு ஓடிவந்து பார்த்தால், டிவியில் முன்பின் தெரியாத ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் நிற்கிறார். சுற்றிலும் யார் யாரோ. எங்கள் சொந்தக்காரர்கள் ஒருத்தரும் இல்லை. குழந்தை அழுகிறது, யாரோ தண்ணீர் கேட்கிறார்கள், ஜெனரேட்டர் இரைகிறது. எல்லாமே நிஜச் சத்தம். ஒரு பாட்டுகூட இல்லை.

எங்கள் கேசட்டின் வாலில் எவர் வீட்டுக் கல்யாணமோ உட்கார்ந்திருந்தது.

கொஞ்சம் ரீவைண்ட் செய்து பார்த்ததும் விஷயம் விளங்கியது. எங்கள் வளைகாப்பு முடிந்து "நன்றி, வணக்கம்" என்று எழுத்து வருகிறது. கொஞ்ச நேரம் வெறும் புள்ளிகள். அதற்கப்புறம் இந்தக் கல்யாணம். அதாவது இது புதுக் கேசட்டே இல்லை. வேறு வீட்டில் கேமராவால் எடுத்த ஒரிஜினலின் மேலேயே எங்களுக்கான காப்பியைப் பதிவு செய்து கொடுத்திருக்கிறார். எங்கள் காப்பி முடிந்த இடத்துக்கு அப்புறம் பழையது அழியாமல் அப்படியே நின்றிருக்கிறது. யார் கேசட்டை அவ்வளவு தூரம் ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

அந்தத் தெரியாதவர்களின் துண்டைத் தனியாக வெட்டி எடுத்துப் பெட்டியில் போட்டேன். வருஷம் தெரியாது, விசேஷம் தெரியாது, வீடு தெரியாது. "யாரோ" என்று பெயர் வைத்தேன். என் சட்டத்தை நானே மீறிய முதல் ஃபைல் அதுதான். அம்மாவின் வளைகாப்பையும் முறையாகப் பெயரிட்டு ஏற்றினேன். பெட்டியில் ஓடும் சாஃப்ட்வேருக்கு ஒரு பழக்கம், பெயரைப் பார்த்து இன்ன படம் என்று தானாக ஊகித்துப் போஸ்டர் மாட்டிவிடும். மறுநாள் டிவியை ஆன் செய்தால் அம்மா இருக்க வேண்டிய இடத்தில் கையில் அரிவாளோடு ஒரு மீசைக்காரர் முறைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது, சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

தாம்பரத்தில் அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் கடை. நல்லவேளையாக ஸ்டூடியோக்காரரே கல்லாவில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, ஆனால் குஷிக்குக் குறைவில்லை. கேசட்டைக் காட்டி, இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன்.

"இன்னாமா நீ, ஒவ்வொரு பார்ட்டிக்கும் புதுக் கேசட்டா போட முடியும்? ஒரு வூட்டு ஒரிஜினல்ல அடுத்த வூட்டு காப்பி. அல்லாரும் அப்படித்தான் பண்ணாங்க."

"சரி, சத்தத்தை எதுக்கு எடுத்தீங்க? எங்கம்மா பேசினது போச்சே."

"சத்தமா? அதுல இன்னா கீது? ஜெனரேட்டரு, கொழந்தை அழுவுறது, பொம்பளைங்க சண்டை. பாட்டு போடலைன்னா மூஞ்சிலயே வுட்டெறிவாங்க. உங்கம்மாவுக்கு ஸ்பெஷலா எல்லாம் அம்மா பாட்டா போட்டுக் குடுத்திருப்பேனே?" என்று பெருமையாகச் சிரித்தார்.

இந்த மனுஷனைத் திட்டுவதற்காக பஸ்ஸில் வரும்போதே வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவருக்குத் தெரிந்த அளவில் அவர் எங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

"எங்க வீட்டு ஒரிஜினல் யார்கிட்ட போச்சுன்னு தெரியுமா?" என்றேன் கடைசியில்.

"உங்களுக்கு அப்புறம் எந்த வூட்டுக்குக் காப்பி போட்டேனோ அங்க கீது. அது யாருன்னு எனக்கு எப்படிம்மா ஞாபகம் இருக்கும்?" என்றார்.

அவருக்கு இல்லை. எனக்கு இருந்தது. லேப்டாப்பில் முழுசாகப் பதிவு செய்ய இரண்டாம் தடவையாக வளைகாப்பு வீடியோவை ஓட்டியபோது, பந்தல் ஓரத்தில் எதிர்வீட்டு மாமி கேமராவைப் பார்த்துக் கைநீட்டி என்னவோ பேசுவதைப் பார்த்தேன். பாட்டுக்கு அடியில் என்ன பேசினாரோ தெரியாது. ஆனால் எங்கள் வளைகாப்பு முடிந்த கையோடு அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. அதே வீடியோக்காரர்தான் வந்தார். அம்மாவின் வளைகாப்புக்கு நான் போட்ட அதே பாவாடையைப் போட்டுக்கொண்டு அந்தக் கல்யாணத்துக்கும் போனேன். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு வந்த வீடியோக்காரரையே அடுத்த வீடும் பிடித்துக்கொள்வதுதானே வழக்கம்.

எதிர்வீட்டு மாமி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அந்தக் கல்யாணப் பெண், நான் அக்கா என்று கூப்பிட்டவர், இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார் என்று தெருவில் விசாரித்ததில் தெரிந்தது. நம்பர் வாங்கிப் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "நீ வா" என்றார்.

போனபோது லாஃப்டிலிருந்து ஒரு சூட்கேஸைக் கீழே இறக்கி வைத்திருந்தார். உள்ளே கேசட் இருந்தது. அதன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டேப் சுருள் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. ஊறுகாய் ஜாடியில் பூத்திருக்குமே, அந்த மாதிரி.

"அந்தக் கல்யாணம் ஒரு வருஷம்கூடத் தாங்கல" என்றார் அக்கா. "தூக்கிப் போட்டிருக்கணும், எங்கம்மா விடல. அதுல எனக்கு வேண்டியது ஒண்ணுமே இல்ல. கடைசியில உங்கம்மா இருந்தா, அவங்கதான் அதுல இருக்கற ஒரே உருப்படியான விஷயம். எடுத்துட்டுப் போ. என் பங்கை மட்டும் நீ பாக்காத."

பார்க்க மாட்டேன் என்றேன். டிபன் சாப்பிடாமல் விடவில்லை அவர்.

பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே விசிஆரில் போட்டால் ஹெட்டும் கெடும், டேப்பும் அறுந்துபோகும். திருகாணிகளைக் கழற்றி, சுருளை வெளியே எடுத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, கையால் மெதுவாகச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். தினம் ஆபீஸ் விட்டு வந்ததும் அதே வேலை. தம்பிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு பரவாயில்லையை அவன் வாயிலிருந்து கேட்க எனக்குத் தெம்பு கிடையாது. ஆனால் வீட்டில் ஸ்பிரிட் நெடி அடித்தால் மறைக்க முடியுமா? ஒருநாள் வந்து பார்த்தான், விஷயத்தைக் கேட்டான், பக்கத்தில் உட்கார்ந்து சுருளைப் பிடித்துக்கொண்டான். "இருக்குமாக்கா?" என்றான். "அழியாம நின்னிருந்தா இருக்கும். இந்தக் கேசட் ஒருதரம் ஓடினாலே பெரிசு. அந்த ஒருதரத்துலயே பிடிச்சாகணும்" என்றேன். அப்பா ஹாலைக் கடந்து போகும்போதெல்லாம் எங்களைப் பார்த்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவேயில்லை.

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம்பி, அவன் மனைவி, நான். அப்பா தன் அறையில் பேப்பரோடு. கதவு வழக்கம்போல் திறந்திருந்தது. கேசட்டைப் போட்டு, லேப்டாப்பில் பதிவை ஆரம்பித்து, டிவியை அணைத்து வைத்தேன். எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்த வாக்கு. விசிஆர் முனகும் சத்தத்தை மட்டும் கேட்டபடி உட்கார்ந்திருந்தோம். எங்கே நின்றுவிடுமோ என்று விசிஆரில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பகுதி நெருங்கியபோது டிவியைப் போட்டேன். "நன்றி, வணக்கம்" என்று எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு பாதியில் அறுந்தது. புள்ளிகள் பறந்தன.

பிறகு எங்கள் மொட்டைமாடி வந்தது. பந்தல், பந்தி, கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தென்னை மரம். நிஜச் சத்தத்தோடு. பாத்திரம் உருள்கிறது, வாளி இழுபடுகிறது. பாவாடையோடு நான் தண்ணீர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். கேமரா இலை இலையாக நகர்ந்தது. அம்மா எந்த மூலையில் வருவார் என்று கண் இமைக்காமல் பார்த்தேன்.

அப்போது பார்த்து கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "யாருப்பா அது சாம்பார் வாளியை வெயில்ல வெச்சது? அந்தப் பெரியவர் இன்னும் சாப்பிட்டுகிட்டிருக்காரு, அதுக்குள்ள எலையை எடுக்க வந்துட்டியே, கண்ணு தெரியல? மெதுவா சாப்பிடுங்க, ஒண்ணும் அவசரமில்ல." கொஞ்சம் மூக்கால் பேசுகிற, கிரீச்சென்ற, ஊரைக் கூட்டுகிற குரல். நிறுத்தவே இல்லை. யாருக்கு மோர் வேண்டும், யார் இன்னும் உட்காரவில்லை என்று விரட்டிக்கொண்டே இருந்தது.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "யாருடா இந்தப் பொம்பளை, சமையலுக்கு வந்தவங்களா? இவ வாயை மூடினாத்தானே அம்மா பேசறது கேக்கும்" என்றேன். இரைச்சலைக் குறைக்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, அதைப் போட்டு இந்தக் குரலை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்றுகூட மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

தம்பி என் பக்கம் திரும்பினான். "இதுல நீ எங்கக்கா நிக்கற?"

"அதோ, டம்ளரோட நிக்கறேனே."

"அப்ப பேசறது யாரு?"

"அதான் தெரியலங்கறேன்ல."

"நீ பேசற மாதிரி இருக்குக்கா."

"போடா, என் குரல் இவ்ளோ கர்ண கொடூரமாவா இருக்கும்?" என்றேன். தம்பி மனைவி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

கேமரா திரும்பியது. பச்சைப் பட்டுப்புடவை, முழங்கை வரை வளையல், ஒரு கை இடுப்பில், ஒரு கையில் மோர்ச் சொம்பு. அம்மா கேமராவை நேராக முறைத்தார். "என்னை எதுக்குப்பா எடுக்கற? காலையிலேருந்து என்னைத்தானே எடுத்தே. லைட்டைக் கீழ வெச்சுட்டு ரெண்டு பேரும் மொதல்ல சாப்பிடுங்க. கேமரா ஒண்ணும் ஓடிப்போயிடாது."

அதே குரல். அந்த வாயிலிருந்து. உதடும் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்தன.

இத்தனை வருஷமாக நான் ஞாபகம் வைத்திருந்த அந்த மெல்லிய, இதமான குரல் யாருடையது? எந்த சினிமாவிலிருந்து எடுத்து அம்மாவுக்கு ஒட்டினேன்? பெற்ற தாயின் குரலை என் காதாலேயே கேட்டு, இந்தப் பொம்பளை யார் என்று கேட்டிருக்கிறேன். வெட்டி எறியத் திட்டம் போட்டிருக்கிறேன். தம்பி, ஒருநாளும் அதைக் கேட்டிராதவன், முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிட்டான்.

படம் அதோடு முடிந்தது. திரை நீலமாக நின்றது. திரும்பினால், அறை வாசலில் அப்பா. கையில் மடித்த பேப்பர். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"இதுக்கா இவ்ளோ நாளா அலைஞ்சே?" என்றார் என்னைப் பார்த்து. "இந்தக் குரலைத்தானே நான் தெனம் கேட்டுகிட்டிருக்கேன்."

"ஏம்ப்பா சொல்லவேயில்ல?" என்றேன்.

"சொன்னா நீ யோசிச்சு யோசிச்சுப் பேசுவே" என்றார் அப்பா. "எனக்கு நீ சும்மா பேசணும்."

அவர் பேப்பரோடு உள்ளே போய்விட்டார். சும்மாதான் பண்ணேன், நீ சொல்லு. எத்தனை ஊர்களிலிருந்து எத்தனை தடவை அந்தப் போனை நான் கடுகடுப்போடு வைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பயந்தது அன்றைக்கே நடந்தது. வாயைத் திறக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பால்காரரிடம் சைகையில் பேசினேன். ஆபீஸ் போனை எடுக்கவில்லை. ஒரு வார்த்தை வெளியே வந்தாலும் அது என்னுடையதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் அப்பா தன் அறையிலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தான். நான் பெட்டியைத் துடைக்கிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஏதாவது பேசேன்."

"என்னத்தைடா பேசறது?"

"எதையாவது. திட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். அவன் சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். அப்பாவின் அறையில் பேப்பர் புரளும் சத்தம் நின்றது.

"எழுந்து வாடா" என்றேன். "மொதல்ல சாப்பிடு."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "இன்னொருதரம் சொல்லு" என்றான்.